பொதுவுடைமை: உடைமை யாருக்கு, முடிவு யார் கையில்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்க்சியத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள், படிக்காமலே வெறுக்கிறவர்கள், பல காலம் கொடி பிடித்துவிட்டு மனம் சலித்து ஒதுங்கியவர்கள் என்று எல்லோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைப்பவருக்கும் உடைமையாளருக்கும் இடையிலான உறவைப் பற்றி மார்க்ஸ் எழுப்பிய கேள்வி இன்றும் தீராத கேள்வி என்றே நம்புகிறேன். அவர் பெயரைச் சொல்லி எழுந்த அரசுகள் செய்த கொலைகளை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கிறேன்: உடைமை எல்லோருக்கும் பொது என்று அறிவித்த பிறகு, முடிவெடுத்தது யார்?

கம்யூனிசம் என்றால் சுருக்கமாக என்ன? என் வீட்டையும் எடுத்துக்கொள்வார்களா?

நிலம், ஆலை, சுரங்கம், வங்கி, போக்குவரத்து போன்ற உற்பத்திச் சாதனங்கள் சிலரது தனியுடைமையாக இல்லாமல் சமூகம் முழுவதற்கும் உரியவையாக இருக்கும். அதனால் உடைமையாளர் வர்க்கம், உழைக்கும் வர்க்கம் என்ற பிரிவே இருக்காது. ஒரு வர்க்கம் இன்னொன்றை அடக்கி வைக்கும் கருவியான அரசும் காலப்போக்கில் தேவையற்றுப் போகும். கொள்கை இவ்வளவுதான். நீங்கள் குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, உடுத்தும் துணி இவற்றைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. மார்க்சும் எங்கெல்சும் எழுதி 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: பிறர் உழைப்பைச் சுரண்டும் வலிமையைத் தரும் உடைமைதான் அதன் குறி.

ஆனால் ‘இருக்கிற ஒரு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்று கிராமத்தில் சொல்லப்பட்ட பயத்தை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1930இன் தொடக்கத்தில் சோவியத் கிராமங்கள் பலவற்றில் உண்மையிலேயே பசுக்களைக் கூட்டுப்பண்ணைக்கு ஓட்டிச் சென்றார்கள். கொடுப்பதைவிட அறுத்துத் தின்றுவிடலாம் என்று விவசாயிகள் கோடிக்கணக்கில் கால்நடைகளை வெட்டினார்கள். கொள்கையில் எழுதாத ஒன்று நடைமுறையில் எப்படி நுழைந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்த எண்ணம் மார்க்சோடு தொடங்கியதா?

இல்லை. ஆதிக் கிறித்தவச் சபையில் உடைமைகளைப் பொதுவில் வைத்திருந்ததை விவிலியம் சொல்கிறது. 1649இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வின்ஸ்டன்லியும் அவருடைய கூட்டாளிகளும் தரிசு நிலத்தைக் கூட்டாகக் கொத்திப் பயிரிட்டார்கள். நிலக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சமத்துவத்துக்காகச் சதி செய்தார் என்று பாபெஃப் 1797இல் தலை வெட்டப்பட்டார். ராபர்ட் ஓவன் தன் ஆலை ஊரையே ஒரு சோதனைக்களமாக மாற்றினார். இவர்கள் நல்ல சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டினார்கள். இருக்கும் முதலாளியம் எப்படி இயங்குகிறது, அதற்குள்ளேயே அதை மாற்றும் சக்தி எது என்று தேடியதுதான் மார்க்ஸ் புதிதாகச் செய்தது.

தத்துவம் படித்த மார்க்ஸ் பொருளாதாரத்துக்கு எப்படி வந்தார்?

சுள்ளி பொறுக்குகிறவர்களால் வந்தார். 1818இல் டிரியர் நகரில் பிறந்து, பண்டைய கிரேக்கத் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1842இல் கொலோன் நகரத்து நாளிதழ் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ரைன் மாகாண சபை, காட்டில் விழுந்து கிடக்கும் காய்ந்த மரத்தை எடுப்பதும் திருட்டு என்று சட்டம் செய்ய விவாதித்தது. தலைமுறை தலைமுறையாக ஏழைகள் அடுப்பெரிக்கப் பொறுக்கிவந்த விறகு அது. காட்டு உடைமையாளர்கள் அதற்கும் விலை வைத்தார்கள். எடுத்தவரைத் தண்டித்து, அபராதத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். மார்க்ஸ் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஏழைகளின் வழக்காற்று உரிமையைச் சட்டம் ஒரே நாளில் குற்றமாக்குகிறது, அரசு காட்டுக்காரனின் வேலையாளாகிறது என்பதுதான் அவர் வாதம். பொருளாதாரக் கேள்விகளில் இறங்கும்படி தன்னை முதலில் நெருக்கியவை இந்த விவாதங்கள்தான் என்று 1859இல் அவரே எழுதினார்.

இந்த நிகழ்ச்சியை மறந்துவிடாதீர்கள். தொண்ணூறு ஆண்டு கழித்து இன்னொரு சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

1844இல் பாரிசில் எங்கெல்சுடன் நட்பு உறுதியானது. எங்கெல்ஸ் ஆலை முதலாளியின் மகன். மான்செஸ்டரில் குடும்பத்துக்குப் பங்கிருந்த நூற்பாலையில் வேலை பார்த்தபடியே தொழிலாளர் குடியிருப்புகளை நேரில் சுற்றிப் பார்த்து எழுதியவர். மார்க்சின் தத்துவத்துக்கு மான்செஸ்டரின் புகையும் சேறும் அவர் வழியாக வந்து சேர்ந்தன.

உபரி மதிப்பு என்பதை எளிதாகச் சொல்ல முடியுமா?

முடியும். திருப்பூரில் பனியன் தைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வேலை. நூல், மின்சாரம், எந்திரத் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, அவர் உழைப்பால் துணியில் புதிதாகச் சேரும் மதிப்பை மட்டும் பார்க்கிறோம். கணக்குக்காக, முதல் ஐந்து மணி நேரத்தில் அவருடைய கூலிக்குச் சமமான மதிப்பு உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அத்தோடு வீட்டுக்குப் போவதில்லை. மீதி ஐந்து மணி நேரத்தில் உண்டாகும் மதிப்புக்கு அவருக்குக் கூலி இல்லை. அதுதான் உபரி மதிப்பு. லாபம், வட்டி, வாடகை எல்லாம் அதிலிருந்து பிரிபவை என்றார் மார்க்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளி ஏமாற்றுகிறார் என்று மார்க்ஸ் சொல்லவில்லை. சந்தை விலையில் நேர்மையாகக் கூலி கொடுத்தாலும் இது நடக்கும். தொழிலாளி விற்பது உழைக்கும் ஆற்றலை; அந்த ஆற்றலின் விலை, அவரும் குடும்பமும் பிழைத்திருக்க ஆகும் செலவு. அந்த ஆற்றலைப் பயன்படுத்தி உண்டாக்கும் மதிப்பு அதைவிடக் கூடுதல். கெட்ட முதலாளிக்குப் பதில் நல்ல முதலாளி வந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அல்ல இது.

‘முதலாளி முதல் போடுகிறாரே, நட்டம் வந்தால் அவர்தானே தாங்குகிறார்?’ என்பது நியாயமான எதிர்க்கேள்வி. 1870களிலிருந்து வந்த பொருளாதார அறிஞர்கள் பலர், பொருளின் விலையை உழைப்பு நேரம் தீர்மானிக்கிறது என்ற அடிப்படையையே மறுத்தார்கள். விலை எப்படி அமைகிறது என்று சொல்லும் கோட்பாடாக அதில் ஓட்டைகள் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் 1867இல் வெளிவந்த மூலதனம் முதல் தொகுதியில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கைகளையே சான்றாக வைத்து, சாப்பாட்டு நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று திருடப்பட்டதைக் காட்டுகிறார். வேலை நேரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது யார் பலம் என்ற கேள்விக்கு எந்த விலைக் கோட்பாடும் இன்னும் பதில் சொல்லிவிடவில்லை.

எல்லா நாடும் அடிமைமுறை, நிலப்பிரபுத்துவம், முதலாளியம், சோசலிசம் என்று வரிசையாகப் போயே தீர வேண்டுமா?

பின்னால் வந்த கட்சிப் பாடநூல்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. மார்க்ஸ் அவ்வளவு இறுக்கமானவர் அல்ல. ரஷ்யக் கிராமத்தின் பொது நில முறை அழிந்துதான் ஆக வேண்டுமா என்று ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச் 1881இல் கடிதம் எழுதிக் கேட்டபோது, பல வரைவுகள் எழுதிப் பார்த்துவிட்டு, தன் ஆய்வு மேற்கு ஐரோப்பாவை மட்டுமே பற்றியது என்று பதில் அனுப்பினார். அந்தக் கிராமச் சமுதாயமே ரஷ்யாவின் மறுபிறப்புக்கு ஆதாரமாகலாம் என்றும் சொன்னார். 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, பிரிட்டிஷ் ஆட்சி தன்னை அறியாமலே வரலாற்றின் கருவியாக இருக்கிறது என்று எழுதியவரும் இவர்தான். மனிதர் கற்றுக்கொண்டே இருந்திருக்கிறார்.

சோசலிசத்துக்கும் கம்யூனிசத்துக்கும் என்ன வித்தியாசம்?

1875இல் ஜெர்மன் கட்சியின் திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இரண்டு கட்டங்களைச் சொன்னார். முதல் கட்டத்தில் ஒவ்வொருவரும் செய்த உழைப்புக்கு ஏற்பப் பெறுவார்கள். உயர்ந்த கட்டத்தில் ஒவ்வொருவரும் இயன்றதைக் கொடுத்துத் தேவையானதைப் பெறுவார்கள். முதலாவதைச் சோசலிசம் என்று அழைக்கும் வழக்கத்தை நிலைப்படுத்தியவர் லெனின். எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியும் தன் நாடு இரண்டாம் கட்டத்தை எட்டிவிட்டதாக அறிவித்ததில்லை.

‘பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்’ என்று வெளிப்படையாகவே சொல்கிறார்களே, பிறகு ஜனநாயகம் எங்கே?

மார்க்சும் எங்கெல்சும் இதற்குக் கைகாட்டிய ஒரே நடைமுறை, 1871 மார்ச் 18 முதல் மே 28 வரை நின்ற, பாரிஸ் நகர மக்களின் எழுச்சி அரசான பாரிஸ் கம்யூன். பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, பாரிஸ் கம்யூனைப் பாருங்கள் என்று 1891இல் எங்கெல்ஸ் எழுதினார். அங்கே எல்லோருக்குமான ஆண் வாக்குரிமையில் தேர்தல் நடந்தது. அதில் பல கொள்கைக்காரர்கள் இருந்தார்கள். மார்க்சைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலரே. தேர்ந்தெடுத்தவர்களை மக்கள் திரும்ப அழைக்கலாம், அதிகாரிகளுக்குத் தொழிலாளியின் சம்பளம்தான், நிலையான படைக்குப் பதில் ஆயுதம் ஏந்திய மக்கள் என்பவற்றைத்தான் மார்க்ஸ் அதில் போற்றினார். அதாவது இந்தச் சொல் தொடக்கத்தில் குறித்தது ஒரு வர்க்கத்தின் ஆட்சியை. ஒரு கட்சியின் ஆட்சியை அல்ல.

இதே இடத்தில், அரசே கூடாது என்ற பக்கூனின் வைத்த கேள்வி கூர்மையானது. பாட்டாளி வர்க்கம் ஆளும் வர்க்கமாகும் என்கிறீர்களே, ஜெர்மானியர் 4 கோடிப் பேரும் அரசில் உறுப்பினராவார்களா என்று 1873இல் கேட்டார். தொழிலாளிகளாக இருந்தவர்கள் ஆட்சியில் ஏறிய நிமிடமே தொழிலாளிகளாக இருக்கமாட்டார்கள், மேலிருந்து உழைப்பாளிகளைப் பார்க்கத் தொடங்குவார்கள் என்று எச்சரித்தார். அந்த நூலைப் படித்த மார்க்ஸ் தன் குறிப்பேட்டில் பதில் எழுதி வைத்தார்: நிச்சயமாக, ஏனென்றால் ஒவ்வோர் ஊரின் தன்னாட்சியிலிருந்துதான் எல்லாமே தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெருந்துயரம் முழுவதும் இந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் இடையில் கிடக்கிறது என்பது என் எண்ணம். மார்க்சின் பதில் சரியானது. ஆனால் அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. தோற்றுப்போன கட்சி என்ன ஆகும், மாற்றுக் கருத்துள்ளவருக்கு அச்சகம் கிடைக்குமா, நீதிபதியை நியமிப்பது யார் என்பவை அவருக்குச் சின்ன விஷயங்களாகத் தோன்றியிருக்க வேண்டும். அவை சின்ன விஷயங்கள் இல்லை.

1917இல் சோவியத்துகளுக்கே எல்லா அதிகாரமும் என்றார்களே, என்ன ஆயிற்று?

சோவியத் என்பது ஆலைகளிலும் படைமுகாம்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளின் அவை. 1905இல் எந்தக் கட்சியும் திட்டமிடாமல் வேலைநிறுத்தத்தின் நடுவே தொழிலாளர்களே உருவாக்கிக்கொண்டது. 1917 பிப்ரவரியில் ஜார் வீழ்ந்ததும் அது மீண்டும் முளைத்தது. போர் வேண்டாம், நிலம் வேண்டும், ரொட்டி வேண்டும் என்ற மக்களின் குரலுக்குத் தயங்காமல் பதில் சொன்ன கட்சி லெனின் தலைமையிலான போல்ஷெவிக் கட்சிதான். அதனால்தான் அக்டோபரில் அவர்களால் வெல்ல முடிந்தது. அதை வெறும் சதி என்று சொல்கிறவர்கள் பெத்ரோகிராது, மாஸ்கோ ஆலைகளில் அவர்களுக்கு இருந்த ஆதரவைப் பார்க்க மறுக்கிறார்கள்.

அடுத்து நடந்ததைப் பார்க்க மறுப்பவர்கள் வேறு. நவம்பரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் விவசாயிகளின் சமூகப் புரட்சியாளர் கட்சி முதலிடம் பெற்றது. போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால் பங்கு வாக்கு. 1918 ஜனவரியில் சபை ஒரே ஒரு முறை கூடியது. அதன் பின் கலைக்கப்பட்டது. சபையைவிடச் சோவியத் உயர்ந்த ஜனநாயகம் என்பது லெனின் சொன்ன நியாயம். அதை ஏற்றுக்கொண்டாலும், சோவியத்துகளுக்காவது அதிகாரம் மிஞ்சியதா? உள்நாட்டுப் போரின் நெருக்கடியில் மற்றக் கட்சிகள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. ஆலைக் குழுக்களின் இடத்தை மேலிருந்து நியமிக்கப்பட்ட ஒற்றை நிர்வாகி பிடித்தார். 1921 மார்ச்சில் பெத்ரோகிராதுக்கு அருகிலுள்ள கிரோன்ஸ்டாட் தீவுக் கோட்டையின் கடற்படை வீரர்கள் எழுந்தார்கள். 1917இல் புரட்சிக்குத் துணை நின்ற அதே கோட்டை. ரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்குப் புதிய தேர்தல், தொழிலாளர்க்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை, சிறையிலுள்ள சோசலிஸ்டுகளின் விடுதலை என்பவை அவர்களின் கோரிக்கைகள். பனி உறைந்த கடல்மீது படை அனுப்பி அவர்களை நசுக்கினார்கள். அதே மாதம் கூடிய பத்தாவது கட்சிப் பேராயம், கட்சிக்குள்ளேயே தனி அணிகள் இருக்கக் கூடாது என்று தடை போட்டது. உற்பத்தியைத் தொழிற்சங்கங்களே நிர்வகிக்க வேண்டும் என்று வாதாடிய கொல்லந்தாயின் அணிக்கு வாய்ப்பூட்டு.

புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படைகள், அந்நியத் தலையீடு, பசி என்று சூழ்நிலை கொடூரமாக இருந்தது உண்மை. ஆனால் நெருக்கடியில் போட்ட தடை எதுவும் நெருக்கடி தீர்ந்த பின் நீக்கப்படவில்லை. ஜெர்மன் சிறையில் இருந்தபடி புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1918இலேயே இதைக் கண்டு எழுதினார்: அரசின் ஆதரவாளர்களுக்கு மட்டும் கிடைக்கும் சுதந்திரம் சுதந்திரமே அல்ல, மாற்றாக எண்ணுபவரின் சுதந்திரமே சுதந்திரம். புரட்சியை உயிராக நேசித்த தோழியின் எச்சரிக்கை அது. 1919 ஜனவரியில் அவரே புரட்சி எதிர்ப்புப் படையினரால் கொல்லப்பட்டார்.

ஸ்டாலின் காலப் பஞ்சமும் கொலைகளும் உண்மையா, மேற்கத்திய பிரசாரமா?

உண்மை. சோவியத் ஆவணக் காப்பகங்களே சான்று. 1929 முதல் விவசாயிகளைக் கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைக்குள் தள்ளினார்கள். நகரத்துக்கும் ஏற்றுமதிக்கும் தானியம் வேண்டும், அதில் வரும் பணத்தில் எந்திரம் வாங்க வேண்டும். விளைச்சல் குறைந்தபோதும் கொள்முதல் அளவு அதற்கேற்பக் குறைக்கப்படவில்லை. 1932-33 பஞ்சத்தில் உக்ரைன், கசக்ஸ்தான், வோல்கா, குபான் பகுதிகளில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் 70 லட்சத்துக்கும் இடையில் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். 1933 ஜனவரியில் உக்ரைன், குபான் விவசாயிகள் உணவு தேடி வெளியேறாதபடி வழிகளை அடைத்தார்கள்.

1932 ஆகஸ்டு 7 அன்று வந்த சட்டத்தைக் கவனியுங்கள். கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, குறைந்தது பத்தாண்டுச் சிறை. அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கிய பெண்கள்கூட அதில் சிக்கினார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயரே கதிர்ச் சட்டம். உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கியவர்களுக்காகப் பேனா எடுத்த மார்க்சின் படத்தைச் சுவரில் மாட்டிய அரசு, உதிர்ந்த கதிரைப் பொறுக்கியவர்களைச் சிறையில் தள்ளியது. பொதுவுடைமை என்று எழுதப்பட்ட வயலில் விவசாயிக்கு ஒரு கைப்பிடித் தானியத்தின்மீதுகூட முடிவெடுக்கும் உரிமை இல்லை. இதைவிடத் தெளிவாக என் அளவுகோலை என்னால் விளக்க முடியாது.

1937-38இல் மட்டும் சுமார் 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை ரகசியக் காவல்துறையின் சொந்தக் கணக்கே காட்டுகிறது. அவர்களில் பழைய போல்ஷெவிக்குகள் ஏராளம். 1956 பிப்ரவரியில், ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைவரான குருசேவ் கட்சிப் பேராயத்தில் இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டார்.

இதற்கெல்லாம் கோட்பாடே காரணமா என்று கேட்பார்கள். கோட்பாட்டில் பஞ்சம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் அரசைத் தட்டிக்கேட்கும் பத்திரிகை, நீதிமன்றம், எதிர்க்கட்சி எல்லாம் முதலாளிகளின் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிய மனப்போக்குக்கு அதில் இடமிருந்தது. அந்த அளவுக்குப் பொறுப்பு உண்டு.

திட்டமிட்ட பொருளாதாரம் ஏன் தள்ளாடியது?

லட்சக்கணக்கான பொருள்களுக்கு எது எவ்வளவு தேவை என்பதைச் சந்தை விலை இல்லாமல் ஒரு மைய அலுவலகம் கணக்கிட முடியாது என்று பொருளாதார அறிஞர் மைசஸ் 1920இலேயே வாதிட்டார். தகவல் சிதறிக் கிடக்கிறது, அதை ஒரு மேசைக்குக் கொண்டுவர முடியாது என்று ஹாயெக் அதை வளர்த்தார். இந்த விமர்சனத்தில் வலு இருக்கிறது. ஆனால் சோவியத் நடைமுறையில் தகவல் சிதறியிருந்தது மட்டுமல்ல, பொய்யாகவும் இருந்தது. இலக்கை எட்டவில்லை என்று சொன்னால் தண்டனை. எனவே ஆலை மேலாளர் பொய்க் கணக்கு எழுதினார், அதை நம்பி அடுத்த திட்டம் போட்டார்கள். சீனாவில் 1958இல் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ என்ற அவசர வளர்ச்சித் திட்டத்தில் இந்த நோய் உச்சத்துக்குப் போனது. விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்னார்கள். சொன்ன கணக்குக்கு ஏற்ப அரசு தானியத்தை எடுத்தது. உண்மையைச் சொல்லத் துணிந்த பாதுகாப்பு அமைச்சர் பெங் டெகுவாய் 1959இல் பதவி இழந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் பஞ்சம் தொடர்ந்தது. இறந்தவர்களைப் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியிலிருந்து நான்கரைக் கோடி வரை போகின்றன.

நல்லது ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்தது, அதை மறைப்பதும் பொய்தான். 1897 கணக்கெடுப்பில் ரஷ்யப் பேரரசில் 9 முதல் 49 வயதுள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 28 பேர். 1939இல் 87 பேர். எட்டு மணி நேர வேலை நாள், புரட்சி நடந்த சில நாள்களிலேயே சட்டமானது. ஹிட்லரின் படையை முறித்ததில் மிகப் பெரும் பங்கும், ஏறக்குறைய 2.7 கோடி உயிர்ப்பலியும் சோவியத் மக்களுடையவை. மற்ற நாட்டு முதலாளிகள் தொழிலாளர்களுக்கு இறங்கி வந்ததற்கு மாஸ்கோவைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம். காலனி நாடுகளின் விடுதலை இயக்கங்களுக்கு அது கொடுத்த நம்பிக்கையைச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இது எப்போது வந்தது?

1922 கயா காங்கிரசில் தன்னைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்தவர் சென்னை ம. சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர். 1923 மே 1 அன்று சென்னையில் அவர் ஏற்றிய செங்கொடிதான் இந்தியாவின் முதல் மே நாள் கொண்டாட்டம். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கும் அவரே தலைவர். கட்சி பிறந்தது அந்த மாநாட்டிலா, 1920இல் எம்.என். ராய் தாஷ்கண்டில் கூட்டிய கூட்டத்திலா என்று இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்றுவரை வேறுவேறு கணக்கு வைத்திருக்கின்றன. கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் 1931இல் வெளியிடத் தொடங்கியது பெரியாரின் குடி அரசு ஏடு. அடுத்த ஆண்டு அவர் சோவியத் நாட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் இயக்கம் மண்ணில் வேர் பிடித்தது கீழத்தஞ்சையில். பண்ணையாள்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்க வைப்பதும் தண்டனை என்ற பெயரில் நடந்த ஊர்களில், கர்நாடகத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் சேரிகளிலேயே தங்கிச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தச் சங்கம் நிற்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எல்லோரும் தலித் கூலி விவசாயக் குடும்பத்தார். கேட்டது கூடுதலாகக் கொஞ்சம் நெல். மறுத்தது செங்கொடியை இறக்க. தண்டனை பெற்ற நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. உபரி மதிப்பைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் வறண்ட கணக்கு என்று யாருக்காவது தோன்றினால், அந்த நெல் எவ்வளவு என்று விசாரித்துப் பார்க்கட்டும்.

சாதியைக் கம்யூனிஸ்டுகள் புரிந்துகொண்டார்களா?

பிந்தித்தான், அதுவும் அரைகுறையாக. ரயிலும் ஆலையும் வந்தால் சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவு கரைந்துவிடும் என்று மார்க்ஸ் 1853இல் எதிர்பார்த்தார். பம்பாய் ஆலைகளில் நடந்தது வேறு. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இணைக்க வேண்டியிருந்ததால், நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளரைச் சேர்க்க மற்றத் தொழிலாளர்களே மறுத்தார்கள். சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாள்களின் பிரிவினை என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. வர்க்கப் போராட்டம் வென்றால் சாதி தானாக விழும் என்று காத்திருந்தது பெரிய பிழை. வெண்மணியிலேயே அதைக் கூலித் தகராறாக மட்டும் பார்ப்பதா, சாதிக் கொலையாகவும் பார்ப்பதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டையும் பிரிக்க முடியாது என்றுதான் நான் எண்ணுகிறேன்.

இலங்கை இடதுசாரிகள் தமிழருக்குத் துணை நின்றார்களா?

முதலில் நின்றார்கள். 1935இல் உருவான லங்கா சமசமாஜக் கட்சி, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அக்கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா நாடாளுமன்றத்தில் சொன்ன எச்சரிக்கையை ஈழத்தமிழர் எவரும் மறக்கவில்லை: இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு. 1964இல் கட்சி கூட்டணி அரசில் சேர்ந்தது. 1972இல் அமைச்சராக இருந்து புதிய குடியரசு அரசியல் யாப்பை வடித்தவர் அதே கொல்வின்தான். சிங்களமே ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்குப் பழைய யாப்பில் இருந்த 29ஆம் பிரிவின் காப்பு போய்விட்டது. அறியாமல் செய்த தவறு என்று இதைச் சொல்ல முடியாது. விளைவை அவரே பதினாறு ஆண்டுக்கு முன்பு சொல்லியிருந்தார்.

தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தால் மாறுமா?

கேரளம் 1957இல் அதைச் செய்து காட்டியது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்ற சில நாள்களிலேயே குத்தகையாளர்களை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை போட்டது. 1959 ஜூலையில் மத்திய அரசு அதைக் கலைத்தது. ஆனாலும் 1970இல் நிலக்குத்தகை முறையே ஒழிந்தது. தேர்தலில் தோற்றால் இறங்கி, அடுத்து வென்று ஏறுவது அங்கே கம்யூனிஸ்டுகளுக்கும் பழகிவிட்டது. தோற்கும் வாய்ப்பு இருந்ததால்தான் அவர்கள் மக்களைக் கேட்டு நடந்தார்கள். மேற்கு வங்கத்தில் குத்தகையாளர் பெயரைப் பதிவுசெய்து உரிமை கொடுத்த அதே இடது முன்னணி, 2007இல் நந்திகிராமத்தில் நிலம் தர மறுத்த விவசாயிகள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறக்கக் காரணமாயிற்று. 34 ஆண்டு தொடர் ஆட்சி 2011இல் முடிந்தது.

இன்று சீனா கம்யூனிச நாடுதானா?

ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி. 1978க்குப் பின் சந்தையைத் திறந்து, பல கோடிப் பேரை வறுமையிலிருந்து தூக்கிவிட்ட சாதனை அதற்கு உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாளிகளும் கட்சி உறுப்பினராகலாம் என்று கதவு திறந்தார்கள். வேலைநிறுத்த உரிமையோ 1982 அரசியல் சட்டத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதிகாரபூர்வ கூட்டமைப்புக்கு வெளியே தொழிற்சங்கம் வைக்க இடமில்லை.

2018 ஜூலையில் ஷென்சென் நகரில் ஜாசிக் என்ற நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஆலையில் சங்கம் அமைக்க முயன்றார்கள். வேலை போனது, சிலர் கைதானார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பல்கலைக்கழகங்களிலிருந்து மார்க்சிய மாணவர்கள் வந்தார்கள்; பெய்ஜிங் பல்கலைக்கழக மார்க்சியச் சங்கத்தினரும் அவர்களில் உண்டு. ஆகஸ்டில் மாணவர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் போலீஸ் நுழைந்து ஏறக்குறைய ஐம்பது பேரைப் பிடித்துச் சென்றது. தொழிலாளர்கள்மீது போட்ட குற்றச்சாட்டு, கூட்டம் கூட்டிப் பொது ஒழுங்கைக் குலைத்தார்கள் என்பது.